பந்தயப் பட்டி பாதைக்கு ஆகுமா?

பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் விற்பவரிடம் பந்தயக் காரின் ஆசனப் பட்டி கேட்டு இளைஞர் ஒருவர் வரலாம். ‘பந்தயத்துக்கே அங்கீகரித்தது, பாதைக்கு இதைவிட என்ன வேண்டும்?’ என்று சொல்லி விற்றுவிடத் தோன்றும். அங்கேதான் தவறு.

பந்தயப் பட்டியில் இருப்பது எப்.ஐ.ஏ. சம்மேளனத்தின் தரம். ஐரோப்பிய நாடுகளில் பொதுப் பாதைக்கு வேண்டியது ஐ.நா.வின் 16ஆம் இலக்க ஒழுங்குவிதி. வட்டத்துக்குள் ‘ஈ’ எழுத்தும் நாட்டின் இலக்கமும் அதன் அடையாளம். அமெரிக்காவில் 209ஆம் இலக்கத் தரம். ஒன்று மற்றதற்கு ஈடாகாது. பாதை அங்கீகாரம் பெற்ற நான்கு முனைப் பட்டிகளும் உண்டு. லேபலைப் பார்த்தே சொல்ல வேண்டும்.

காரணம் இல்லாமல் இல்லை. சாதாரண மூன்று முனைப் பட்டியுடன் சாரதி குனியலாம், திரும்பலாம். பந்தயப் பட்டி தோளை ஆசனத்தோடு கட்டிவிடும். சந்தியில் பக்கம் பார்ப்பதே சிரமம். காருக்குள் இரும்புக் குழாய்க் கூடும் பொருத்தினால் இன்னும் மோசம். பந்தயத்தில் தலைக்கவசம் உண்டு, பாதையில் வெறுந்தலைதான் குழாயில் மோதும். தலைக்கவசத்துடன் கார் ஓட்டி யார் கடைக்கு வருகிறார்?

எப்.ஐ.ஏ. பட்டிக்குக் காலாவதி ஆண்டும் உண்டு. மலிவாக வரும் பழைய பட்டிகளில் அதை முதலில் பாருங்கள்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்துவதைத் தடுக்கிறது. எனவே பாதை அங்கீகாரம் இல்லாத பட்டியென்றால், பற்றுச்சீட்டிலேயே ‘பந்தயத் திடல் பாவனைக்கு மட்டும்’ என எழுதிக் கொடுங்கள். கம்பனிப் பட்டியைக் கழற்ற வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.