ஊதா மூடியும் சிவப்பு மூடியும்

பாளையங்கோட்டை

அன்புள்ள மருமகனுக்கு,

அத்தை எழுதுகிறேன். நேற்று ராத்திரி போனில் பத்து நிமிடம் புலம்பினாய். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன், அதற்கு நீ பதில் சொன்னதோடு என் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. அதுவும் நல்லதுதான். போனில் எது சொன்னாலும் "சரி அத்தை, சரி அத்தை" என்பாய். தாளில் எழுதினால் இரண்டு தடவையாவது படிப்பாய்.

டெங்கு வார்டிலிருந்து வந்த சாம்பிளில் பிளேட்லெட் 18,000 என்று மெஷின் காட்டியது. நீ வேறு சாம்பிள் கேட்டாய். "மெஷின்ல வந்ததைக் குடுங்க, நீங்க என்ன டாக்டரா?" என்று டியூட்டி டாக்டர் சத்தம் போட்டார். நீயும் கொடுத்துவிட்டாய். லேப் வேலைக்குச் சேர்ந்து மூன்றே வாரத்தில் இப்படி ஆகிவிட்டதே என்று உனக்குத் தூக்கம் வரவில்லை.

ஏய்யா, அவர் சத்தம் போட்டது எனக்குப் பெரிதாகப் படவில்லை. முப்பத்துநாலு வருட சர்வீஸில் அதைப்போல் ஒரு மூட்டை வாங்கியிருக்கிறேன். "ஏன் வேறு சாம்பிள் கேட்ட?" என்று நான் கேட்டதற்கு நீ சொன்ன பதில்தான் உறுத்துகிறது. "சும்மா ஒரு சந்தேகம், அத்தை." சும்மா வருகிற சந்தேகத்தை ராத்திரி இரண்டு மணிக்கு முப்பது நோயாளிகளை வைத்துக்கொண்டு நிற்கிற டாக்டர் எதற்கு மதிக்க வேண்டும்? எண்ணைச் சொல்ல மெஷின் இருக்கிறது. அந்த எண்ணை எதனால் நம்பலாம், எதனால் நம்பக்கூடாது என்று சொல்லத்தான் உனக்குச் சம்பளம்.

அந்த ஊதா மூடி டியூபைத் திறந்து ஈர்க்குச்சி விட்டுப் பார்த்தாயா? மெடிக்கல் ஸ்டோர்காரன் விற்கிற மரக்குச்சி இருந்தால் அது. எங்கள் காலத்தில் துடைப்பத்து ஈர்க்குச்சிதான். நூல்மாதிரி ஒரு சின்னக் கட்டி குச்சியில் ஒட்டிக்கொண்டு வந்தால் கதை முடிந்தது. நரம்பு கிடைக்காமல் இழுத்து இழுத்து எடுத்திருப்பார்கள், அல்லது எடுத்த கையோடு டியூபை எட்டுப் பத்துத் தடவை மெதுவாகக் கவிழ்த்துக் கலக்காமல் ஸ்டாண்டில் செருகியிருப்பார்கள். பிளேட்லெட் எல்லாம் அந்தக் கட்டிக்குள் போய் உட்கார்ந்திருக்கும். மெஷின் மிச்சத்தைத்தான் எண்ணும்.

கட்டி இல்லையென்றால் ஸ்மியர் போட வேண்டும். லீஷ்மன் சாயம் இரண்டு நிமிடம், பஃபர் ஊற்றி ஏழெட்டு நிமிடம், கழுவி உலர்த்தினால் கால் மணி நேரம்கூட ஆகாது. சில பேருடைய ரத்தத்துக்கு ஊதா மூடிக்குள் இருக்கிற ஈடிடிஏவே ஆகாது. டியூபுக்குள் போன பிறகு பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இருபது சேர்ந்த கொத்தை மெஷின் ஒன்று என்று எண்ணும், இல்லாவிட்டால் வெள்ளணு என்று எடுத்துக்கொள்ளும். அந்தக் கொத்துகள் ஸ்மியரின் வால் ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும். நடுவில் மட்டும் பார்த்துவிட்டு லென்ஸைத் தூக்கிவிடாதே. கொத்து தெரிந்தால் நீல மூடி டியூபில், அதாவது சிட்ரேட்டில், புதிதாக எடுக்கச் சொல். அதில் வருகிற எண்ணை 1.1ஆல் பெருக்கு. பத்தில் ஒரு பங்கு சிட்ரேட் நீர்தானே.

கொத்தும் இல்லையா? ஆயில் இம்மெர்ஷனில் பத்துப் புலம் எண்ணிச் சராசரி எடு. ஒரு புலத்துக்கு ஒரு பிளேட்லெட் என்றால் ஏறக்குறைய 15,000 முதல் 20,000 என்று வைத்துக்கொள்ளலாம். ஐப்பசி மழையில் டெங்கு வார்டு நிரம்பி வழிகிறபோது 18,000 உண்மையாகவே இருக்கக்கூடியதுதான். அப்போது நீயே வார்டுக்குப் போன் செய்து, "டாக்டர், டியூபில் கட்டி இல்லை, ஸ்மியரிலும் பார்த்துவிட்டேன், நிஜமாகவே குறைவு" என்று சொல்லலாம். எந்த டாக்டரும் அதற்குக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. ஆறு மாதம் அப்படிப் பேசிப் பார். அப்புறம் அவரே போனில் "ஸ்மியர்ல எப்படி இருக்கு?" என்று உன்னைக் கேட்பார்.

பார்க்காமல் அனுப்பிய 18,000 என்ன செய்யும் தெரியுமா? ஒரு குடும்பமே ரத்த வங்கி வாசலில் நிற்கும். அப்பன் டோனருக்கு அலைவான், ஆத்தா பப்பாளி இலையை அரைத்துக்கொண்டிருப்பாள்.

உன்னைத் திட்டுகிற அருகதை எனக்கு எப்படி வந்தது என்று நீ கேட்கலாம். கலர் மூடி டியூப்கள் அப்போதுதான் எங்களுக்குப் புதிதாக வந்திருந்தன. அதுவரை கழுவிய பென்சிலின் குப்பிகள்தான். ஒரு ராத்திரி மெடிக்கல் வார்டிலிருந்து சிவப்பு மூடியில் ஒரு சாம்பிள். பொட்டாசியம் 9.4 வந்தது. எனக்குக் கை நடுங்கியது. திரும்ப ஓட்டினேன், அதே 9.4. ஓடிப்போய் ரிப்போர்ட்டைக் கொடுத்தேன், பெருமையோடுதான். உயிரைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நினைப்பு. அவர்களும் உடனே இன்சுலினும் குளுக்கோஸும் ஏற்றினார்கள்.

அரை மணி நேரத்தில் உதவிப் பேராசிரியர் ஒருவர் லேபுக்கு வந்தார். சத்தம் போடவில்லை. ஈசிஜி தாளை என் மேஜையில் விரித்தார். அதில் ஒரு குறையும் இல்லை. "இந்த ஆள் சாயங்காலம் நடந்து போய் டீ குடிச்சிட்டு வந்திருக்கார்மா. ஒன்பதரை பொட்டாசியத்துல நடக்க முடியுமா?" என்றார். பிறகு என் ரிஜிஸ்டரில் விரல் வைத்தார். அதே வரியில் என் கையெழுத்தில் கால்சியம் 4.1 என்று இருந்தது.

என்ன நடந்தது என்று இந்நேரம் உனக்குத் தெரிந்திருக்கும். சிவப்பு மூடியில் ரத்தம் போதவில்லை என்று ஹவுஸ் சர்ஜன் ஊதா மூடியிலிருந்து கொஞ்சம் ஊற்றி நிரப்பியிருக்கிறார். ஊதா மூடிக்குள் இருப்பது பொட்டாசியம் ஈடிடிஏ. பொட்டாசியத்தை அதுவே கொண்டுவந்து கொட்டும், கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். திரும்ப எடுத்த சாம்பிளில் பொட்டாசியம் 3.9. அதற்குள் அந்த மனிதருக்குச் சர்க்கரை இறங்கி வியர்த்துக் கொட்டிவிட்டது. பிழைத்துக்கொண்டார். என் விடை என் ரிஜிஸ்டரிலேயே இருந்தது, நான்தான் இரண்டு எண்ணையும் சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை. ஒரே மெஷினில் இரண்டு தடவை ஓட்டினேனே, அதுவா சரிபார்ப்பு? கெட்ட சாம்பிளை நூறு தடவை ஓட்டினாலும் அதே கெட்ட எண்தான் வரும்.

அதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். எண்ணைப் பார்க்கும் முன் டியூபைப் பார்ப்பேன். சீரம் ரோஸ் நிறமாக இருந்தால் சிவப்பணு உடைந்திருக்கிறது, பொட்டாசியத்தை நம்பாதே. சர்க்கரை 500, ஹீமோகுளோபின் நேற்றைவிட நாலு குறைவு என்றால், டிரிப் ஓடுகிற கையில் எடுத்தார்களா என்று சிஸ்டரிடம் கேள். கேட்கிற விதத்தில் கேள். "யார் எடுத்தது?" என்று கேட்டால் சண்டை, "எந்தக் கைல எடுத்தீங்க சிஸ்டர்?" என்று கேட்டால் பதில்.

அடுத்தது பெயர். உன் காலேஜில் பேஷன்ட் ஐடென்டிஃபிகேஷன் என்று ஒரு பக்கம் நடத்தியிருப்பார்கள். நம்மூரில் அது ஒரு பக்கத்தில் அடங்காது. ஒரே வார்டில் மூன்று எஸ். லட்சுமி இருப்பார்கள். ஒரு எஸ். சுப்பையா மகள், இன்னொரு எஸ். சண்முகம் பெண்டாட்டி. அட்மிஷன் சீட்டில் அப்பா இனிஷியல், காப்பீட்டு அட்டையில் புருஷன் இனிஷியல். "லட்சுமியம்மாவா?" என்று கேட்டால் காது கேட்காத பாட்டிகூட "ஆமாய்யா" என்று கையை நீட்டும். நீயாகப் பெயர் சொல்லாதே. "உங்க பேரென்ன, வீட்டுக்காரர் பேரென்ன" என்று அவர்கள் வாயால் வரவழைத்து ஐ.பி. நம்பரோடு ஒத்துப் பார். கட்டில் அருகிலேயே டியூபில் எழுது. அஞ்சு டியூபைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு லேபில் வந்து லேபிள் ஒட்டுகிறவனை நான் பக்கத்தில் சேர்க்கமாட்டேன். குரூப்பிங், கிராஸ்மேட்ச் என்றால் இன்னும் இரண்டு மடங்கு கவனம். செல் குரூப்பிங்கில் ஓ வந்ததும் முடித்துவிடாதே, சீரம் பக்கமும் பார். 1952இல் பம்பாயில் பெண்டே குழுவினர் கண்டுபிடித்த 'பாம்பே குரூப்' செல் பக்கம் ஓ மாதிரியேதான் தெரியும். ஆனால் அந்தக் குரூப்காரர்களின் சீரம் ஓ செல்லையே கட்டியாக்கிவிடும், ஓ ரத்தம் ஏற்றினால் ஆபத்து.

"வெறும் வயித்துலதான் வந்தேன், காபி மட்டும்தான் குடிச்சேன்" என்பார்கள். கோபப்படாதே. நம் ஊரில் காபி சாப்பாட்டில் சேர்த்தி இல்லை. முந்தின நாளே "காபி, டீ, பால், வெற்றிலைகூட வேண்டாம், பச்சைத் தண்ணி குடிக்கலாம்" என்று சொல்லியிருந்தால் அந்தத் தாத்தா இன்னொரு தடவை பஸ் ஏறி வந்திருக்கமாட்டார். சளி எடுக்கச் சொல்லும்போதும் அப்படித்தான். டப்பாவைக் கொடுத்தால் எச்சிலைத் துப்பித் தருவார்கள். வெளியே அழைத்துப்போய், மூச்சை ஆழ இழுத்து நெஞ்சிலிருந்து காறச் சொல்லிக் காட்டு. எச்சிலில் டிபி கிருமியைத் தேடினால் சாயம்தான் வீண்.

எங்கள் காலத்தை நான் உயர்த்திப் பேசவில்லை. சாலி குழாயில் அமிலம் விட்டு, ரத்தம் விட்டுப் பத்து நிமிடம் காத்திருந்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்து நிறம் ஒப்பிட்டு ஹீமோகுளோபின் பார்த்தோம். மேகமூட்டமாக இருந்தால் ஒரு கிராம் அப்படி இப்படி ஆகும். வாயால் பிப்பெட்டை உறிஞ்சினோம். சீரம் நாக்கில் பட்டுத் துப்பியிருக்கிறேன். இப்போது நினைத்தால் குலை நடுங்குகிறது. நீ ஊசியைத் திரும்ப மூடாதே, நேரே வெள்ளை டப்பாவில் போடு. ஹெபடைடிஸ் பி ஊசி மூன்றும் போட்டாயா? போட்டு இரண்டு மாதத்துக்குள் டைட்டர் பார்த்து 10க்கு மேல் இருக்கிறதா என்று தெரிந்துகொள். ஊசி குத்திவிட்டால் பிதுக்காதே, சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி உடனே சொல். ஹெச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. வெட்கப்பட்டு மறைத்த ஒரு பையனை எனக்குத் தெரியும். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் ஆறு மாதம் அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

மெஷினைச் சோதிக்க ஓட்டுகிற கன்ட்ரோல் விஷயத்தில் ஒன்றிரண்டு. சரியாக வரும்வரை ஓட்டிவிட்டுக் கடைசியாக வந்ததை மட்டும் குறித்து வைக்காதே. கன்ட்ரோல் எண்களைக் குறிக்கிற எல்.ஜே. சார்ட்டில் பத்துப் புள்ளி தொடர்ந்து சராசரிக்கு ஒரே பக்கம் நின்றால், அத்தனையும் எல்லைக்குள் இருந்தாலும், மெஷின் எதையோ சொல்ல வருகிறது. வேலூர் சி.எம்.சி. திட்டத்தில் வருகிற வெளித் தரச் சோதனைச் சாம்பிளுக்குப் பக்கத்து லேபில் விடை கேட்கிறவர்களும் உண்டு. பரீட்சையில் காப்பி அடித்தால் மார்க்காவது வரும், இதில் என்ன வரும்?

சம்பளம் கம்மி என்கிறாய். கம்மிதான், இல்லை என்று சொல்லமாட்டேன். அரசு வேலைக்கு எம்.ஆர்.பி. அறிவிப்பு வந்தால் விண்ணப்பம் போடு. அதுவரை யாராவது ராத்திரி டியூட்டிக்குக் கூடுதல் காசு தருகிறேன் என்று கூப்பிட்டால், முதலில் அவர்கள் லேபில் ரீஏஜென்ட் தீர்கிறதா என்று பார். தீரவே இல்லையென்றால் சாம்பிள் சிங்க்குக்குப் போகிறது, எண் பேனாவிலிருந்து வருகிறது. அந்த இடத்தில் ஒரு நாள்கூட நிற்காதே.

"யாருக்கும் தெரியாத வேலை" என்றும் சொன்னாய். 1986இல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் நிர்மலா என்று ஒரு மாணவி. சுனிதி சாலமன் அவருக்கு வழிகாட்டி. எய்ட்ஸ் நம் நாட்டில் இல்லை என்று எல்லாரும் சொன்ன நேரம். அந்தப் பெண் பாலியல் தொழிலாளிகளைத் தேடிப்போய் ரத்தம் எடுத்து, சீரம் பிரித்து, வைக்க இடமில்லாமல் வீட்டு ஃபிரிஜ்ஜில் வைத்து, ரயிலில் வேலூருக்குக் கொண்டுபோனார். அங்கே பரிசோதித்ததில் ஆறு சாம்பிள் பாசிட்டிவ். அப்படித்தான் இந்தியாவுக்கு அந்தச் செய்தி தெரிந்தது. சுனிதி சாலமன் பெயரைப் பலரும் சொல்வார்கள், நிர்மலாவை நெடுங்காலம் யாரும் நினைக்கவில்லை. நான் நினைத்துப் பார்ப்பது வேறு. அந்தக் குழாய்களில் ஒன்றிலாவது பெயர் மாறியிருந்தால்? வழியில் ஐஸ் உருகிச் சீரம் கெட்டிருந்தால்? ஆளைத் தெரியாவிட்டால் போகிறது, குழாய் போய்ச் சேர்ந்தது.

ஹெச்.ஐ.வி. என்றதும் ஞாபகம் வருகிறது. அந்த ரிப்போர்ட்டைக் கவுண்டரில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுக்காதே. உன் நண்பனிடமும் வாய் திறக்காதே. சின்ன ஊர்.

உன் அப்பாவிடம் இந்தச் சண்டையைப் பற்றிச் சொல்லவேண்டாம். அண்ணன் உடனே பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்.

அந்த 18,000 சாம்பிளின் டியூப் ஃபிரிஜ்ஜில் இன்னும் இருக்கும். இத்தனை நேரம் ஆன ரத்தத்தில் பிளேட்லெட் பார்த்துப் பயனில்லை, ஆனால் குச்சி விட்டுக் கட்டி இருக்கிறதா என்று பார்க்கலாம். ஸ்லைடு போட்டிருந்தாயானால் துடைத்துவிடாதே, வால் ஓரத்தைப் பார். அந்த நோயாளிக்கு இன்றைக்கு என்ன கவுண்ட் வந்தது என்பதையும் ரிஜிஸ்டரில் பார்த்து வை. எது எப்படி இருந்தாலும் டாக்டரிடம் நீயே போய்ச் சொல். பார்த்துவிட்டு எனக்குக் கூப்பிடு. பத்து மணிக்கு மேல் கூப்பிடு, அதுவரை ரேஷன் கடையில் நிற்பேன். போனைச் சார்ஜில் போட்டுவிட்டேன்.

அன்புடன்,
அத்தை