ஓசை வராத, ஈரம் ஏறாத, கண்ணில் படாத சட்டை

(மூன்றாமாண்டு மாணவர், துணிநூல் தொழில்நுட்பப் பிரிவு)



"என்னப்பா, பேரவை மலரில் போய் வேட்டைக்காரன் சட்டையைப் பற்றி எழுதுறியா? வேற தலைப்பே கிடைக்கலையா?" என்று விடுதி நண்பர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வேட்டை என்பது குற்றம். அது அப்படியே இருக்கட்டும். நான் எழுத வந்தது வேட்டையைப் பற்றி அல்ல, அந்தச் சட்டைத் துணியைப் பற்றி.

வகுப்பில் நாம் படிக்கும் துணிகளுக்குப் பெரும்பாலும் ஒரு குணம், மிஞ்சினால் இரண்டு குணம் இருந்தால் போதும். பனியன் துணி வியர்வையை உறிஞ்ச வேண்டும். குடைத்துணி தண்ணீரைத் தள்ள வேண்டும். ஆனால் மான் வேட்டைக்குப் போகிறவனின் மேல்சட்டைக்கு மூன்று குணம் ஒரே நேரத்தில் தேவை. சத்தம் வரக்கூடாது, நனையக்கூடாது, மானின் கண்ணில் படக்கூடாது. இந்த மூன்றும் ஒன்றோடொன்று சண்டை போடும் குணங்கள். அந்தச் சண்டையைத் தீர்க்கிற கதையில் நம் பாடத்திட்டத்தில் பாதி அடங்கியிருக்கிறது. அதனால்தான் இந்தத் தலைப்பு.

களம் எது?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே வெள்ளைவால் மான் வேட்டை, உரிமமும் பருவமும் வகுத்து, சட்டப்படி நடக்கிறது. துப்பாக்கிப் பருவம் நவம்பர் கடைசியில் தொடங்குகிறது. குளிர் உறைநிலையைத் தொடும் காலம். வேட்டைக்குப் போகிறவர் விடியுமுன் இருட்டில் மலை ஏறுகிறார், வியர்க்கிறது. பிறகு ஒரு மரத்தடியில் நாலைந்து மணி நேரம் அசையாமல் உட்காருகிறார். மழை பெய்யலாம், பனி விழலாம். எழுந்து கையைக் காலை உதறிச் சூடேற்றிக்கொள்ளவும் முடியாது.

உடம்புச் சூடு 37 டிகிரியிலிருந்து 35க்குக் கீழே போனால் ஆபத்து தொடங்கிவிடும். முதலில் நடுக்கம், பிறகு பேச்சுக் குழறல், பிறகு புத்தித் தடுமாற்றம். காட்டுக்குள் தனியாக இருப்பவருக்கு இது உயிர்ப் பிரச்சினை. ஆக, இந்தச் சட்டையை அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள்.

முதல் தேவை: சத்தம் வரக்கூடாது

நம் காதுக்கு ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். வெள்ளைவால் மானுக்கு 30,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. நைலான் துணி உரசும்போது வரும் அந்த 'சர சர' ஓசையில் உயர் அதிர்வெண் ஒலிகள் நிறைய உண்டு. நமக்கு லேசாகக் கேட்பது அதற்கு நன்றாகவே கேட்கும். காட்டில் காற்றுச் சத்தம் உண்டு, இலைச் சத்தம் உண்டு. நைலான் சத்தம் எந்த மரத்திலிருந்தும் வராது!

ஏன் அந்தச் சத்தம்? தொடர் இழை நூலில் நெருக்கமாக நெய்த துணியின் மேற்பரப்பு வழவழப்பாகவும் விறைப்பாகவும் இருக்கும். அதன்மேல் ரப்பர் பூச்சோ பிளாஸ்டிக் பூச்சோ கொடுத்தால் விறைப்பு இன்னும் கூடும். மடிப்பு ஒவ்வொன்றும் காகிதம் போல நொறுங்கி ஒலிக்கும். அதையே பின்னல் துணியாக்கி, மேற்பரப்பை ரெய்சிங் இயந்திரத்தில் கொடுத்துப் பஞ்சு எழுப்பினால், எழும்பி நிற்கும் அந்த மெல்லிழைகள் மெத்தை மாதிரி உரசலை வாங்கிக்கொள்ளும். சத்தம் அடங்கிவிடும்.

இதை நானும் என் வகுப்புத் தோழர்களும் ஆய்வகத்தில் சின்னதாகச் சோதித்துப் பார்த்தோம். குடைத்துணி, கேன்வாஸ், பஞ்செழுப்பிய ஃபிளீஸ், பழைய கம்பளி என்று நான்கு துண்டுகள். ஒருவர் முதுகைத் திருப்பி நிற்க, இன்னொருவர் துணியை இரு கையால் தேய்த்தபடி பின்னால் நகர்ந்துகொண்டே போனார். குடைத்துணி ஆய்வகத்தின் மறுகோடி வரை கேட்டது. கேன்வாஸ் பாதி தூரம் வந்தது. ஃபிளீஸும் கம்பளியும் கைநீட்டும் தூரத்தைத் தாண்டவில்லை. பிறகு நான்கின் மேலும் தண்ணீர் தெளித்தோம். கதை அப்படியே தலைகீழ்! குடைத்துணியில் தண்ணீர் உருண்டு ஓடியது. ஃபிளீஸ் குடித்தது போல உறிஞ்சிக்கொண்டது. 'இதைக் கொடு, அதை எடுத்துக்கொள்' என்ற சண்டை எங்கள் மேசையின் மேலேயே தெரிந்துவிட்டது.

இரண்டாவது தேவை: நனையக்கூடாது

பருத்தி நாட்டில் பிறந்த நமக்கு ஒரு கசப்பான செய்தி. குளிர்நாட்டு மலையேறிகள் 'பருத்தி கொல்லும்' என்றே சொல்லி வைத்திருக்கிறார்கள். நம் ஊர் வெயிலுக்கு அமிர்தமான அதே குணம்தான் அங்கே எமன். பருத்தி வியர்வையைக் குடிக்கும், ஆனால் சீக்கிரம் விடாது. தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். நனைந்த பருத்தி பனியன் உடம்புச் சூட்டை உறிஞ்சி வெளியே அனுப்பிக்கொண்டே இருக்கும்.

தேர்வுக்குப் படித்த 'ஈரப்பத மீள்பேறு' அட்டவணை நினைவிருக்கிறதா? பருத்தி 8.5, கம்பளி சுமார் 16, நைலான் 4, பாலியெஸ்டர் 0.4 சதவீதம். கம்பளிதான் அதிகம் குடிக்கிறது, அப்புறம் அது எப்படிக் குளிருக்கு நல்லது? இங்கேதான் விஷயம் இருக்கிறது. கம்பளி ஈரத்தை ஆவியாக இழைக்குள்ளே வாங்கிக்கொள்கிறது. வெளித்தோல் தண்ணீரை ஒட்டவிடாது. சுருள் சுருளான இழைகளுக்கு நடுவே காற்று அடைபட்டே இருக்கும். அதனால் ஈரமானாலும் ஓரளவு சூடு காக்கும். ஆஸ்திரியாவின் திரோல் மலைப்பகுதியில் லோடன் என்ற கம்பளித் துணி பல நூற்றாண்டுகளாகப் புழங்குகிறது. அகலமாக நெய்து, சுடுநீரில் அடித்துச் சுருக்கி, இழைகளைப் பின்னிப் பிணையச் செய்வார்கள். சத்தம் வராது, தூறலும் எளிதில் உள்ளே போகாது. குறை என்னவென்றால் கனம். விடாமல் மழை பெய்தால் துணி ஊறிவிடும், காய ஒரு நாள் ஆகும்.

பெருமழைக்கு வழி கண்டது வேதியியல். 1969இல் அமெரிக்காவில் பாப் கோர் என்பவர், சூடேற்றிய பி.டி.எஃப்.இ. தண்டை மெல்ல மெல்ல இழுத்துச் சலித்துப்போய், ஒரே வெட்டாக வெடுக்கென்று இழுத்தார். அறுந்துபோகும் என்று பார்த்தால், அது பல மடங்கு நீண்டு, நுண்துளைகள் நிறைந்த பொருளாக மாறிவிட்டது! அதிலிருந்து பிறந்ததுதான் கோர்-டெக்ஸ் சவ்வு. ஒரு சதுர அங்குலத்தில் 900 கோடி துளைகள் என்பது அந்த நிறுவனம் சொல்லும் கணக்கு. துளை நீர்த்துளியைவிட ஏறக்குறைய 20,000 மடங்கு சிறியது, நீராவி மூலக்கூறைவிட 700 மடங்கு பெரியது. மழை உள்ளே வராது, வியர்வை ஆவியாக வெளியே போகும்.

மழை காக்கும் திறனை நீர்த்தூண் சோதனையால் அளக்கிறார்கள். '10,000 மி.மீ.' என்று எழுதியிருந்தால், 10 மீட்டர் உயரத் தண்ணீர் மேலே நின்று அழுத்தினாலும் அந்தத் துணி கசியாது என்று பொருள். ஆனால் துணி கசியாவிட்டாலும் தையல் கசியும். ஊசி குத்திய இடமெல்லாம் ஓட்டைதானே! உள்பக்கம் தையல் மேல் பட்டை ஒட்டியிருக்கிறதா என்று பார்க்காமல் 'வாட்டர்புரூஃப்' என்ற சீட்டை நம்பக்கூடாது.

சண்டை எப்படித் தீர்ந்தது? அடுக்கில்தான். வெளியே பஞ்செழுப்பிய மென்மையான பின்னல் துணி, நடுவே சவ்வு, உள்ளே மெல்லிய லைனிங், மூன்றையும் ஒட்டி ஒரே துணி. ஓசையை வெளிமுகம் பார்த்துக்கொள்ளும், மழையைச் சவ்வு பார்த்துக்கொள்ளும். ஆனாலும் ஒரு பாக்கி உண்டு. பஞ்சு முகம் ஊறிவிட்டால் சட்டை கனக்கும், ஆவி வெளியேறுவதும் குறையும். அதற்காக வெளிமுகத்தில் நீர்விலக்கிப் பூச்சு தருகிறார்கள். இந்தப் பூச்சில் காலங்காலமாகப் பயன்பட்ட ஃபுளோரின் சேர்மங்கள் மண்ணிலும் நீரிலும் அழியாமல் தங்குபவை என்பதால், கலிபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி முதல் பெரும்பாலான புதிய ஆடைகளில் அவற்றுக்குத் தடை வந்துவிட்டது. ஏற்றுமதி நிறுவனத்தில் வேலைக்குப் போக நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது தேவை: கண்ணில் படக்கூடாது

மறைக்கும் நிறத்தின் சரித்திரத்தில் நம் துணைக்கண்டத்துக்கும் பங்கு உண்டு. 1846இல் பெஷாவரில் ஹாரி லம்ஸ்டன் உருவாக்கிய கைட்ஸ் படை மண் நிறத்தில் உடை போட்டது. உருதுவில் 'காக்' என்றால் மண், புழுதி. நம் போலீஸ்காரர் காக்கிக்கு அதுதான் பூர்வீகம். வேட்டைக்கென்றே அச்சிட்ட துணி பிறகு வந்தது. 1980இல் ஜிம் கிரம்லி மரப்பட்டை மாதிரியான 'டிரீபார்க்' அச்சைக் கொண்டுவந்தார். 1986இல் 'ரியல்ட்ரீ', 'மாஸி ஓக்' இரண்டும் வந்தன. இலை, கிளை, பட்டை எல்லாம் புகைப்படம் போல அச்சாகிவிட்டன.

கடையில் பார்த்தால் அசந்துபோவோம். ஆனால் பொடி இலைகளாக நிறைந்த அச்சு, தூரத்தில் ஒன்றாகக் கலங்கி ஒரே கறுப்புப் பிண்டமாகத் தெரியும். மனித உருவத்தை உடைக்கப் பெரிய பெரிய வெளிர்–அடர் திட்டுகள் வேண்டும். சின்ன அச்சு பக்கத்துக்கு, பெரிய திட்டு தூரத்துக்கு. நல்ல துணியில் இரண்டும் இருக்கும்.

இனிதான் முக்கியமான கேள்வி. யாருடைய கண்ணுக்கு மறைய வேண்டும்? நம் கண்ணுக்கா, மானின் கண்ணுக்கா?

1992இல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் மான்களின் கண்ணை ஆராய்ந்து, 1994இல் முடிவை வெளியிட்டார்கள். நம் கண்ணில் நிறம் உணரும் கூம்பு அணுக்கள் மூன்று வகை, மானுக்கு இரண்டே வகை. நீலத்தை நன்றாகப் பார்க்கும், பச்சையைப் பார்க்கும், சிவப்பும் ஆரஞ்சும் அதற்குத் தனி நிறமாகத் தெரியாது. மேலும், நம் கண்ணின் வில்லை தடுத்துவிடும் புறஊதா ஒளியும் மானின் கண்ணுக்குள் போகிறது.

இதிலிருந்து இரண்டு பாடம். ஒன்று, நீல ஜீன்ஸ் போட்டுப் போவதைவிட ஆரஞ்சுச் சட்டை மேல்! இரண்டு, சாயப்பட்டறையிலும் சலவைத்தூளிலும் சேர்க்கும் ஒளியூட்டி வேதிப்பொருள் புறஊதா ஒளியை வாங்கி நீலமாகத் திருப்பி அனுப்பும். நமக்கு 'பளிச் வெண்மை'. மானுக்கோ அது விளக்குப் போட்ட மாதிரி. ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய மறைப்புச் சட்டை, தவறான தூளில் துவைத்த ஒரே துவையலில் வீணாகலாம்.

உயிர் காக்கும் ஆரஞ்சு

வேட்டைக்காட்டில் மானைத் தவிர இன்னொரு கண்ணும் இருக்கிறது. அது இன்னொரு வேட்டைக்காரனின் கண். முழுக்க மறைந்து உட்கார்ந்தால் அவன் குண்டு நம் மேல் பாயும். அதனால்தான் பென்சில்வேனியாவில் துப்பாக்கி மான் பருவத்தில் தலை, மார்பு, முதுகு மூன்றிலும் சேர்த்து 250 சதுர அங்குலம் ஒளிர் ஆரஞ்சு துணி கட்டாயம். அந்த நிறத்தின் அலைநீளம் சுமார் 600 நானோமீட்டர். மனிதன் கண்ணைப் பறிக்கும், மானுக்கு மங்கிய நிறம். ஒரே துணி ஒருவனுக்குக் கூவுகிறது, ஒன்றுக்கு மௌனமாக இருக்கிறது!

இந்த உபாயத்தை மனிதன் கண்டுபிடிக்கும் முன்பே புலி உடுத்திக்கொண்டது. 'பச்சைக் காட்டில் ஆரஞ்சுப் புலி எப்படி ஒளிகிறது?' என்ற கேள்விக்கு 2019இல் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வு இதே விடையைத்தான் சொன்னது. இருநிறப் பார்வை கொண்ட மானுக்குப் புலியின் ஆரஞ்சு, இலைப்பச்சையோடு கலந்துவிடுகிறது. புலி பதுங்குவது நம் கண்ணுக்காக அல்ல!

வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனைகள்

1. நகத்தால் துணியைக் கீறுங்கள். 'சர்' என்றால் வேண்டாம். இரு கைகளையும் வீசி நடந்து, அக்குளில் உரசும் சத்தத்தையும் கேளுங்கள்.

2. பொத்தான், ஜிப், ஒட்டும் பட்டை மூன்றையும் திறந்து மூடுங்கள். வெல்க்ரோ பிரியும் சத்தம் ஒன்றே வேட்டையைக் கெடுத்துவிடும். டிச் பட்டனும் அப்படியே.

3. தண்ணீர் தெளித்துப் பத்து நிமிடம் பொறுங்கள். துளி முத்தாக நின்றால் பூச்சு உயிரோடு இருக்கிறது.

4. இருட்டு அறையில், கடைகளில் ரூபாய் நோட்டைச் சோதிக்கும் ஊதா விளக்கின் கீழ் வையுங்கள். நீலமாக ஒளிர்ந்தால் ஒளியூட்டி இருக்கிறது என்று பொருள்.

5. முப்பது தப்படி தள்ளி வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். அச்சு கலங்கி ஒரே பிண்டமானால் விட்டுவிடுங்கள்.

6. மேல்சட்டையை மட்டும் பார்க்காதீர்கள். உள்ளே கம்பளி அல்லது பாலியெஸ்டர், நடுவே ஃபிளீஸ், வெளியே மழைக்காப்பு. மலை ஏறும்போது நடு உடுப்பைக் கழற்றி வைத்து, உட்காரும்போது போட்டுக்கொள்வதுதான் முறை.

ஒன்று மட்டும் எந்தத் துணியாலும் ஆகாது. காற்று நம் பக்கமிருந்து வீசினால் மான் மூக்காலேயே நம்மைக் கண்டுபிடித்துவிடும்.

நமக்கு இதனால் என்ன?

நம் முதுமலையிலும் ஆனைமலையிலும் துப்பாக்கிக்கு வேலையில்லை. ஆனால் கேமராவோடு காத்திருப்பவர்களும், விலங்குகளைக் கணக்கெடுப்பவர்களும், மழையில் ரோந்து போகும் வனக்காவலர்களும் இருக்கிறார்கள். சத்தமில்லாமல், நனையாமல், விலங்கைக் கலைக்காமல் இருக்க வேண்டிய தேவை அவர்களுக்கும் அப்படியே பொருந்தும்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. நம்மில் பலர் நாளை திருப்பூரிலோ கோவையிலோ தரக்கட்டுப்பாட்டு மேசையில் நிற்கப் போகிறோம். நம் கையைத் தாண்டும் துணி கடல் கடந்து போய், நாம் ஒருநாளும் பார்க்காத ஒருவர் உடம்பில் ஏறும். அவர் எந்தக் குளிரில் உட்காருவார், எந்தக் கண் அவரைப் பார்க்கும், எந்தக் காது கேட்கும் என்பது ஆர்டர் தாளில் எழுதியிருக்காது. ஜி.எஸ்.எம்., சுருக்கம், சாய உறுதி மூன்றும் சரியென்று முத்திரை குத்திவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கலாம். ஆனால் தையல் பட்டை அரை அங்குலம் விலகி ஒட்டியிருந்தால், அந்த அரை அங்குலத்தின் வழியாகத்தான் ஒரு மனிதனுக்குக் குளிர் ஏறும்.

ஆகவே நண்பர்களே, துணியைக் கையில் எடுக்கும்போது நம் கண்ணை மட்டும் நம்பாதீர்கள். உடுத்தப்போகிறவரின் உடம்பாலும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். நாம் வாங்கப்போகும் பட்டயத்துக்கு அதுதான் மதிப்பு.