காப்பியின் கசப்பு எங்கே பிறக்கிறது?

வைகறையில் பால்மரம் வெட்டச் செல்லும் நம் தோட்ட மக்களுக்கு ஒரு குவளைக் காப்பியே முதல் உணவாகும். நீர் கொதித்துக்கொண்டிருக்கும்போதே தூளைக் கொட்டி, மேலும் சற்று நேரம் கொதிக்கவிட்டு, கசப்பு மிகுந்துவிட்டதெனச் சீனியை அள்ளிப் போடுவது பல இல்லங்களில் காணும் வழக்கம். அக்கசப்பு கொட்டையின் குற்றமா, நம் கைமுறையின் குற்றமா என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

கேமரன் மலை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சிம்பாங் பூலாயிலிருந்து மலையேறும் சாலையில் வருவோர், கேமரன் மலையில் முதலில் அடையும் ஊர் கம்போங் ராஜா. தேயிலையும் காய்கறியும் விளையும் குளிர்ந்த பகுதி அது. கடல் மட்டத்திலிருந்து மேலே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைகின்றது. அதனால், ஏறத்தாழ 300 மீட்டருக்கு 1 பாகை வீதம், நீர் கொதிக்கும் வெப்பமும் குறைகின்றது. நம் தாழ்நிலத் தோட்டங்களில் ஏறக்குறைய 100 பாகை செல்சியசில் கொதிக்கும் நீர், கம்போங் ராஜாவில் 95 அல்லது 96 பாகையிலேயே கொதித்துவிடும்.

கருக வறுத்த கொட்டையில் நுண்துளைகள் மிகுதி. அது தன் சாரத்தை நீரில் விரைவாக விட்டுவிடும். முதலில் மணமும் சுவையும் இறங்கும். வெப்பமும் நேரமும் மிகுந்தால் கசப்பும் மிகுதியாக இறங்கும். இவ்வகைத் தூளுக்கு 90 முதல் 95 பாகை வெப்பமே போதுமானது. மலையில் நீரை இறக்கியதும் ஊற்றலாம். நாமோ அதை இறக்கி வைத்து, ஒரு நிமிடம் பொறுத்து ஊற்றவேண்டும். எவ்வூராயினும், தூளை நீரிலிட்டுக் கொதிக்கவிடுவது தவறே.

செய்முறை பின்வருமாறு:

1. ஒரு லிட்டர் நீருக்கு 60 கிராம் தூள் கொள்க. தராசு இல்லையெனில், 200 மில்லிலிட்டர் குவளைக்குத் தலைதட்டிய இரண்டு மேசைக்கரண்டி போதும்.

2. தூளை வேறு பாத்திரத்தில் இட்டு, இறக்கிய நீரை ஊற்றி, ஒருமுறை கலக்கி மூடி வைக்கவும்.

3. நான்கு நிமிடம் கழித்துத் துணி வடிகட்டியில் வடிக்கவும். துணியைப் பிழியலாகாது.

4. நிரைக்குக் கொண்டுசெல்வதை உடனே பிளாஸ்கில் ஊற்றவும். ஆறிய காப்பியை மீண்டும் கொதிக்க வைத்தால் சுவை கெடும்.

தூள் வாங்கும்போதும் கவனம் தேவை. நம் நாட்டில் கொட்டையைச் சீனியும் மார்ஜரினும் சேர்த்து வறுக்கும் வழக்கம் உண்டு. கருநிறத்திற்கு அதுவும் ஒரு காரணம். உறையிலுள்ள பொருள்களின் பட்டியல், எடை மிகுந்ததை முதலில் வைத்து எழுதப்படுவதாகும். அப்பட்டியலில் சீனி எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்து வாங்குக.

இனி ஒரு சிறு கணக்கு. குவளைக்கு மூன்று தேக்கரண்டிச் சீனி, நாளொன்றுக்கு மூன்று குவளை எனக் கொள்வோம். தேக்கரண்டிக்கு 4 கிராம் வீதம், ஒரு நாளைக்கு 36 கிராம். மாதத்தில் ஒரு கிலோவுக்கும் மேல். இது ஒருவர் காப்பியில் மட்டும் உட்கொள்ளும் அளவு. வளர்ந்தவர்கள் உணவிலும் பானத்திலும் சேரும் சீனியை நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கிராமுக்குள், இயன்றால் 25 கிராமுக்குள் அடக்குமாறு உலகச் சுகாதார நிறுவனம் 2015 ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. காப்பி ஒன்றிலேயே 36 கிராம் சென்றால், மற்ற உணவிற்கு எஞ்சுவது எவ்வளவு? நீரிழிவு நோயாளர் உள்ள குடும்பங்கள் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கசப்பு குறைந்தால் சீனிக்கு வேலை குறையும். நாளைக் காலையே இம்முறையில் காப்பி கலக்கி, வழக்கமான சீனியில் ஒரு கரண்டியைக் குறைத்துப் பாருங்கள். நாவிற்குப் பழகியதும் இன்னொன்றையும் குறைக்கலாம். அடுப்பை ஒரு நிமிடம் முன்னதாக அணைப்பதற்குச் செலவேதும் இல்லை. மிஞ்சுவது சீனிக்காசும் உடல் நலமுமே.