ஊர்க் கல்லுக்கு ஒரு பதிவேடு

கம்பைநல்லூரில் தேசிநாதேஸ்வரர் ஆலயத்தை அறியாதார் இலர். ஊருக்குப் பழம்பெருமை உண்டென்பதற்கு அவ்வாலயத்தைச் சுட்டிக் காட்டுவதோடு நாம் அமைந்துவிடுகிறோம். ஆனால் தருமபுரி மாவட்டத்தின் சரித்திரம் கோயிற் சுவர்களில் மட்டும் எழுதப்படவில்லை. அது வயல் வரப்பிலும், ஏரிக்கரையிலும், புளியமரத்தடியிலும், மண்ணிற் பாதி புதைந்த கற்களாக நிற்கிறது. அக்கற்கள் எவை என்று வினவினால், “வேடியப்பன்” என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். ஆண்டுக்கொரு முறை பொங்கலிட்டுக் கும்பிடுவதும் உண்டு. அவை நடுகற்கள். வேடியப்பன் என்று நாம் வணங்கும் அவர், பல இடங்களில், ஊர் மாடுகளைக் காக்கப் போரிட்டு மடிந்த ஒரு மனிதரேயாவார்.

இறந்த வீரனுக்குக் கல் தேர்ந்தெடுத்து, நீராட்டி, நட்டு, வாழ்த்தும் முறையினைத் தொல்காப்பியமே வகுத்துக் கூறுகிறது. அம்முறை மிகுதியாகச் சின்னம் விட்டுச் சென்ற நிலப்பரப்புகளுள் தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்கள் தலையாயவை. கல்லை உற்று நோக்குங்கள். ஒரு கையில் வில்லும் மறு கையில் குறுவாளும் ஏந்திய உருவம் தெரியும். உடலில் அம்புகள் தைத்திருக்கும். காலருகே கெண்டியும் சிமிழும் செதுக்கியிருப்பர். சிலவற்றில் அவன் மீட்ட மாடுகளும் காணப்படும். புலியொடு பொருது மாண்டவனின் கல்லாயின் புலியே அங்கு நிற்கும். பழங்கற்களில் தலைப்புறத்தே சில வரிகள் வட்டெழுத்தில் இருக்கும்: எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எவருடைய சேவகன், எந்தச் சண்டையில் வீழ்ந்தான் என்பன அவ்வரிகளின் செய்தி.

செங்கத்தை அடுத்த எடுத்தனூரில் ஒரு கல் உண்டு. பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில் எழுந்தது. ஏறத்தாழ 1,400 ஆண்டுப் பழமை உடையது. கருந்தேவக்கத்தி என்ற வீரன் எருமைகளைக் காத்து வீழ்ந்த செய்தியை அது கூறுகிறது. அவனருகே ஒரு நாயும் செதுக்கப்பட்டுள்ளது. நாயின் பெயர் கோவிவன். கள்வர் இருவரைக் கடித்து, தன் தலைவனை விட்டகலாது காவல் நின்றது அது. அரசர் பலரின் நாய்களைக் குறித்து நமக்கு யாதும் தெரியாது; ஒரு மாட்டு மந்தைக் காவலனின் நாய்க்குப் பெயர் தெரிகிறது! ஊரார் அதனை மறக்க விரும்பவில்லை என்பதே காரணம்.

அசோகரின் கல்வெட்டுகளிலே சோழர், பாண்டியர், சேரரோடு கூறப்படும் சத்தியபுத்திரர் யார் என்பது நெடுங்காலம் அறிஞர்களிடையே விவாதமாகவே இருந்தது. 1981-ஆம் ஆண்டில் திருக்கோவலூர்ப் பக்கத்து ஜம்பை என்னும் சிற்றூரின் பாறையிலே ஒரு தமிழ்ப் பிராமி எழுத்து வரி கண்டறியப்பட்டது. சத்தியபுத்திரர் என்பார் நம் தகடூர் அதியமான் மரபினரே என்பதை அது காட்டியது. ஊர்ப் பாறை ஒன்று இவ்வளவு செய்யுமெனில், நம் வரப்புக் கல்லை எளிதாக எண்ணுவது தகாது.

இக்கற்களுக்கு இன்று நேரும் கேடுகள் யாவும் அறியாமையால் வருவன. பகையால் வருவன அல்ல. வாய்க்காலுக்குக் குறுக்கே மூடுகல்லாகப் போட்டுவிடுகிறோம். துணி துவைக்கும் கல்லாக்கி விடுகிறோம். சாலையை அகலப்படுத்தும் இயந்திரம் ஒரே தள்ளில் புரட்டிவிடுகிறது. பக்தி மிகுந்தால் வேறு கேடு: கல்லைச் சிமெண்டில் பதித்து, வண்ணம் பூசி, எழுத்தை முற்றாக மூடிவிடுகிறோம்! மஞ்சளும் எண்ணெயும் நாளடைவில் நீங்கக்கூடும், சிமெண்டு நீங்காது.

உழவர் பெருமக்கள் உள்ளத்தில் மற்றோர் அச்சமும் உண்டு என்பதை யாம் அறிவோம். “கல் இருப்பதை வெளியில் சொன்னால் சர்க்கார் நிலத்தை எடுத்துக்கொள்ளுமே” என்பதே அது. இவ்வச்சத்தால் இரவோடிரவாகக் கல் கிணற்றுக்குள் போவதும் உண்டு. ஒரு கல்லைப் பதிவேட்டில் எழுதுவதனால் மட்டும் நிலத்தின் பட்டா மாறுவதில்லை. 1966-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் தொன்மைச் சின்னங்கள் சட்டப்படி ஓர் இடத்தைப் பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்க வேண்டுமாயின், அரசு முதலில் அறிவிக்கை வெளியிட்டு, ஆட்சேபம் கூறவும் வாய்ப்பளிக்க வேண்டும். உழும்போது காசுகளோ நகைகளோ கிடைத்தால் நிலைமை வேறு. அவற்றை 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிப்பது கடமை. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதிக் குழம்ப வேண்டாம்.

ஆகவே கம்பைநல்லூர்ப் பேரூராட்சியும் அதனைச் சூழ்ந்த ஊராட்சிகளும் ஒரு பதிவேடு தொடங்குவது முதற் காரியமாகும். இதற்குப் பெருந்தொகை வேண்டா. ஒரு கெட்டி அட்டை நோட்டுப் புத்தகமும், பள்ளி ஆசிரியர் ஒருவரும், கிராம நிர்வாக அலுவலரும் போதும். கல் நிற்கும் புல எண், அது நோக்கும் திசை, மண்ணுக்கு மேலுள்ள உயரமும் அகலமும், செதுக்கப்பட்டுள்ளவை, எழுத்து உண்டா இல்லையா, வழிபடுவோர் யார், ஊர் வழங்கும் பெயர் என்ன, முதியோர் சொல்லும் கதை யாது என்பவற்றை ஒரு பக்கத்துக்கு ஒரு கல்லாக எழுதிவரலாம். முதியோர் கதையை அவர்கள் சொன்னபடியே எழுதுக, திருத்துதல் வேண்டா. இரண்டு முதியவர்கள் மாறுபடக் கூறின் இரண்டையும் எழுதுக. கல் நூறாண்டு காத்திருக்கும், எண்பது வயதுப் பாட்டியார் காத்திரார். கதைப் பகுதியை முதலில் முடிப்பதே உசிதம்.

புகைப்படம் எடுக்க நண்பகல் ஏற்றதன்று. காலை அல்லது மாலையில் சாய்வாக வெயில் விழும்போது தேய்ந்த எழுத்தும் நிழலிட்டுத் தெரியும். இரவில் கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்தாலும் தெரியும். சுண்ணாம்புக் கட்டியால் எழுத்தின் மீது கோடிழுத்தலும், கம்பித் தூரிகையால் தேய்த்தலும் கூடவே கூடா. மைப்படி எடுப்பது பயின்றோர் வேலை. அதனைத் தொல்லியல் துறையினருக்கு விட்டுவிட வேண்டும். அத்துறை 1972-ஆம் ஆண்டில் செங்கம் நடுகற்களைப் படித்து நூலாக வெளியிட்டது.

கல்லைத் தருமபுரி அகழ்வைப்பகத்திற்கு அனுப்பிவிடலாமே என்று சிலர் வினவுவர். அங்கு நடுகற்கள் பல காக்கப்பட்டுள்ளன. மாணவர்கள் அவசியம் காண வேண்டிய இடம். ஆயினும், சாலைக்கும் வெள்ளத்துக்கும் இரையாகவிருக்கும் கல்லை மட்டுமே இடம் மாற்றுவது நன்று என்பது எமது கருத்து. எந்த ஏரிக்கரையில் அவ்வீரன் வீழ்ந்தானோ அவ்விடத்தை விட்டுப் பெயர்ந்த கல் பாதி ஊமையாகிவிடுகிறது. பெங்களூரைச் சேர்ந்த ஹெப்பாளில் 2018-ஆம் ஆண்டு மண்வேலை நடக்கையில் கிட்டய்யா என்ற வீரனின் 8-ஆம் நூற்றாண்டுக் கல் வெளிப்பட்டது. அங்குள்ளோர் அதற்கு அவ்வூரிலேயே ஒரு மண்டபம் எழுப்பினர். பெருநகரத்தார் செய்ததைச் சிற்றூரார் செய்ய இயலாதா? நான்கு கற்றூணும் ஒரு கூரையும் போதும், பளிங்கு வேண்டா.

எழுதி வைத்த பதிவேடு அலமாரியில் உறங்குமாயின் பயனில்லை. அதை ஊர் அறியச் செய்ய என்ன வழி? கலை விழா என்றவுடன் மேடை, ஒலிபெருக்கி, பொன்னாடை என்று செலவுக் கணக்குப் போடுகிறோம். அதற்கு அவசியமில்லை. நம் மாவட்டத்திலே பாரத விழா நடக்கும் ஊர்களில் பகலில் பிரசங்கியார் பாரதம் சொல்கிறார். இரவில் தெருக்கூத்து விடிய விடிய நிகழ்கிறது. அருச்சுனன் தவசுக் கம்பம் ஏறும் நாளிலும், துரியோதனன் மண்ணுருவாகக் கிடக்கும் படுகளத்து நாளிலும் அக்கம்பக்கத்து ஊரார் அனைவரும் கூடுகின்றனர். வேறெந்தக் கூட்டத்திற்கும் இவ்வளவு பேர் தாமாக வருவதில்லை. பிரசங்கம் தொடங்குமுன் கால் மணி நேரம் கேட்டுப் பெற்று, பள்ளிச் சிறுமி ஒருத்தி பதிவேட்டில் இரண்டு பக்கம் படிக்கட்டும். கேட்பவரில் எவரேனும் எழுந்து, “எங்கள் கொல்லையிலும் ஒன்று கிடக்கிறது” என்று கூறினால் அதுவே அடுத்த பக்கமாகும். கூத்துக் கலைஞர்களின் பெயர்களையும், அவர்கள் யாரிடம் பயின்றனர் என்பதையும் அதே நோட்டின் பிற்பகுதியில் எழுதிக்கொள்ளலாம்.

பதிவேட்டுக்கு மூன்று படிகள் எடுக்க வேண்டும். ஒன்று அலுவலகத்திலும், ஒன்று பள்ளியின் தொன்மைப் பாதுகாப்பு மன்றத்திலும் இருக்கட்டும். மூன்றாவது படியை மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கு அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கு எழுத்து மூலம் விடை கேட்டு வாங்குக. சாலைப் பணிக்கோ கால்வாய்ப் பணிக்கோ மதிப்பீடு தயாரிக்கும் நாளில் அலுவலகப் படியைப் பொறியாளரின் மேசை மீது வைத்து, வரைபடத்தில் கல் நிற்கும் புல எண்களைச் சிவப்பு மையால் குறிக்கச் செய்ய வேண்டும்.