புதிய பதிப்புக்கு மாறுமுன் சோதித்தறிவோம்



பழைய பால்மரங்களை வீழ்த்தி மறுநடவு செய்ய முற்படுவோர், புதிய ரகக் கன்றுகளை முதல் நாளிலேயே காடு முழுவதும் நட்டுவிடுவதில்லை என்பதை நம் தோட்ட மக்கள் நன்கறிவர். 1925-ஆம் ஆண்டில் மலாயாவில் தோற்றுவிக்கப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகம், ஒவ்வொரு புதிய ரகத்தையும் சிறு நிலத்தில் நட்டு, அதன் வளர்ச்சியையும் பாலின் அளவையும் நோயைத் தாங்கும் ஆற்றலையும் பல்லாண்டு கண்காணித்த பின்னரே பெருநிலத்திற்குப் பரிந்துரைத்து வந்தது. கன்று நட்டுப் பால் வெட்டத் தொடங்குவதற்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் செல்லும். தவறான ரகத்தை நட்டுவிட்டால் அத்தனை ஆண்டுகளும் வீணாகும். ஆதலின் முதலில் சோதனை, பின்னரே மாற்றம் என்பது தோட்டத்தின் விதியாயிற்று.

இவ்விதி கணினிக்கும் பொருந்தும். நம் பள்ளிக் கணினி அறையில் உள்ள லினக்ஸ் இயங்குதளத்தைப் புதிய பதிப்புக்கு உயர்த்தும் முறையை இக்கட்டுரையில் விளக்க முற்படுகின்றோம். இப்பாடத்தை நாம் நூலிலிருந்து மட்டும் கற்கவில்லை. ஒரு முறை தவறிழைத்தும் கற்றோம். அதனையும் மறைக்காது கூறுவோம்.

லினக்ஸ் என்பது யாது?

கணினியின் உறுப்புகளாகிய திரை, விசைப்பலகை, வன்தட்டு, அச்சுப்பொறி ஆகியவற்றையெல்லாம் ஒருங்கிணைத்து வேலை வாங்கும் தலைமை மென்பொருளே இயங்குதளம் எனப்படும். தோட்டத்தில் காலைப் பிரட்டில் ஆட்களைப் பிரித்து நிரை கொடுக்கும் கங்காணியை இதற்கு ஒப்பிடலாம்.

லினக்ஸின் கருவை 1991-ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கினார். அப்போது அவருக்கு வயது 21. அதற்கு முன்பே, 1983-ஆம் ஆண்டில், எவரும் தடையின்றிப் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் கூடிய மென்பொருள்களைப் படைக்கும் 'குனூ' திட்டத்தை ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்திருந்தார். இவ்விரு முயற்சிகளும் இணைந்ததன் பயனாகவே இன்று விலை கொடாமல் முழுமையான ஓர் இயங்குதளத்தை நாம் பெற முடிகின்றது.

லினக்ஸில் பல வகைகள் உண்டு. 2004-ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்த உபுண்டு அவற்றுள் புகழ்பெற்றது. அதன் பதிப்பு எண்ணைக் கொண்டே அது பிறந்த காலத்தை அறியலாம். 24.04 என்றால் 2024-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் என்று பொருள். உபுண்டுவை அடித்தளமாகக் கொண்டு 2006-ஆம் ஆண்டில் தோன்றியது லினக்ஸ் மின்ட். நம் பள்ளியில் உள்ளது இதுவே. இதற்குக் குறைந்தது 2 ஜிகாபைட் நினைவகமும் 20 ஜிகாபைட் வன்தட்டு இடமும் வேண்டும். 4 ஜிகாபைட் நினைவகம் இருப்பின் நன்று. 2025 அக்டோபர் 14-ஆம் நாள் விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவு முடிவுற்ற பின்னர், பழைய கணினிகளை வைத்திருக்கும் குடும்பங்களுக்கு லினக்ஸ் ஒரு நல்வழியாக அமைந்துள்ளது.

ஏன் மாற வேண்டும்?

எந்தப் பதிப்பும் என்றென்றைக்கும் நிலைப்பதன்று. ஒவ்வொரு பதிப்புக்கும் குறிப்பிட்ட காலம் வரையே பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்கப்படும். 2022 ஜூலையில் வெளியான லினக்ஸ் மின்ட் 21-க்கு 2027 வரையிலும், 2024 ஜூலையில் வெளியான லினக்ஸ் மின்ட் 22-க்கு 2029 வரையிலும் ஆதரவு உண்டு. காலம் முடிந்த பதிப்பை இணையத்தில் தொடர்ந்து பயன்படுத்துவது, தாழ்ப்பாள் பழுதான கதவோடு வீட்டை விட்டுச் செல்வதற்கு ஒப்பாகும்.

எனினும், புதியது வந்தவுடன் அன்றே மாற வேண்டும் என்பதும் இல்லை. உபுண்டு 22.04-ஐப் பயன்படுத்துவோருக்கு 24.04-க்கு மாறும் வாய்ப்பு, முதல் திருத்தப் பதிப்பாகிய 24.04.1 வெளியான பின்னரே அளிக்கப்படுவது வழக்கம். அத்திருத்தப் பதிப்பும் 2024 ஆகஸ்ட் 15-இல் வெளிவர வேண்டியது, மாற்றத்தின்போது நேரும் குறைகள் கண்டறியப்பட்டமையால் ஆகஸ்ட் 29-க்குத் தள்ளிவைக்கப்பட்டது. ஆக்கியோரே பொறுத்திருந்தனர் எனில், நாம் சில வாரங்கள் பொறுத்திருப்பதில் குறைவொன்றுமில்லை.

நாம் செய்த தவறு

முன்னொரு முறை நம் கணினிகளைப் புதிய பதிப்புக்கு மாற்றியபோது நாம் அவசரப்பட்டோம். ஆறாம் ஆண்டு மாணவர்கள் தங்கள் பாட்டி, தாத்தாமாரைக் கண்டு, அவர்களுடைய அந்நாளைய தோட்ட வாழ்க்கையைக் கேட்டு எழுதிய கட்டுரைகளும் ஒலிப்பதிவுகளும் ஒரு கணினியில் இருந்தன. 'டைம்ஷிஃப்ட்' என்னும் கருவியால் கணினியின் நிலையை வெளி வன்தட்டில் படியெடுத்து விட்டோம். ஆகவே எல்லாம் பத்திரம் என்று நம்பி, பழைய வன்தட்டை முற்றிலும் அழித்துப் புதிய பதிப்பை நிறுவினோம்.

பின்னர் அப்படியைத் திறந்து பார்த்தபோது இயங்குதளத்தின் கோப்புகள் இருந்தன. மாணவர்களின் கோப்புகள் ஒன்றும் இல்லை. டைம்ஷிஃப்ட் இயங்குதளத்தைக் காக்கும் கருவி. பயனரின் சொந்தக் கோப்புகள் உள்ள இல்லக் கோப்புறையை, நாமாக அமைத்துக் கொடுத்தாலன்றி, அது படியெடுப்பதில்லை. இதனை அறியாதது நம் குற்றமே, கருவியின் குற்றமன்று.

கட்டுரைகளை மாணவர்கள் மீண்டும் எழுதினர். ஆனால் குரல்களை மீட்க இயலவில்லை. அம்மூதாட்டிகளுள் ஒருவர் அதற்குள் இறைவனடி சேர்ந்திருந்தார். அவர் பேரனின் முகத்தை அன்று நேருக்கு நேர் காண எங்களால் இயலவில்லை. பின்னாளில் அவன் தந்தையின் கைப்பேசியில் ஒரு சிறு ஒலிப்பதிவு மட்டும் எஞ்சியிருக்கக் கண்டு அதனைப் பாதுகாத்தோம். மற்றவை போனவை போனவைதாம்.

இந்நிகழ்ச்சிக்குப் பிறகே, லினக்ஸ் மின்ட் 21-லிருந்து 22-க்கு மாறும்போது பின்வரும் முறையைக் கடைப்பிடித்தோம்.

முதற்படி : கோப்புகளைக் காத்தல்

இருவகைக் காப்பும் வேண்டும். டைம்ஷிஃப்ட் வழியே இயங்குதளத்திற்கு ஒரு படி; அதனின் வேறாக மாணவர்களின் கோப்புகளுக்குத் தனிப் படி. முக்கியமான கோப்புக்கு மூன்று படிகள் இருத்தல் வேண்டும். அவை இருவேறு வகைக் கருவிகளில் இருத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்று வேறிடத்தில் இருத்தல் வேண்டும் என்பது கணினித் துறையில் நெடுநாளாகக் கூறப்பட்டு வரும் நெறியாகும். படியெடுத்ததோடு நில்லாது, அதனை வேறொரு கணினியில் திறந்து, கட்டுரை தெரிகின்றதா, குரல் கேட்கின்றதா என்றும் பார்த்தல் வேண்டும். திறந்து பாராத படி, படியென்று எண்ணத் தக்கதன்று.

இரண்டாம் படி : மென்பொருளைச் சரிபார்த்தல்

புதிய பதிப்பை அதன் அதிகாரபூர்வ இடத்திலிருந்தே பதிவிறக்க வேண்டும். அதுவும் போதாது. 2016 பிப்ரவரி 20-ஆம் நாள் லினக்ஸ் மின்ட்டின் இணையத்தளத்திலேயே தீயோர் ஊடுருவி, களவு நிரல் கலந்த போலிப் பதிப்புக்கு மக்களைத் திருப்பிவிட்டனர். ஆதலால் பதிவிறக்கிய கோப்பின் சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு, வெளியிட்டோர் கையொப்பமிட்டு அறிவித்த எண்ணோடு ஒப்பிட வேண்டும். 'எஸ்எச்ஏ256' எனப்படும் இவ்வெண் 64 குறிகளைக் கொண்டது. கோப்பில் ஓர் எழுத்து மாறினும் இவ்வெண் முற்றிலும் மாறிவிடும். 64 குறிகளும் ஒத்திருந்தால் மட்டுமே மேற்செல்ல வேண்டும்.

மூன்றாம் படி : நிறுவாமலே சோதித்தல்

லினக்ஸின் பெருஞ்சிறப்பு இதுவேயாகும். புதிய பதிப்பை ஒரு விரலியில் ஏற்றி, அவ்விரலியிலிருந்தே கணினியை இயக்கலாம். அப்போது இயங்குதளம் நினைவகத்தில் நின்று செயற்படும். நாமாக நிறுவச் சொன்னாலன்றி வன்தட்டில் எதனையும் மாற்றாது. விரலியை எடுத்துவிட்டு மீண்டும் தொடங்கினால் பழைய நிலையே இருக்கும். நாம் மேலே கூறிய சோதனை நிலம் இதுவே.

இந்நிலையில் நாம் ஒவ்வொன்றாகச் சோதித்தவை இவை :

1. திரை முழு அளவில் தெளிவாகத் தெரிகின்றதா?
2. வைஃபை இணைப்புக் கிடைக்கின்றதா?
3. ஒலி கேட்கின்றதா? ஒலிவாங்கி பதிவு செய்கின்றதா?
4. அச்சுப்பொறி அச்சிடுகின்றதா?
5. தமிழ் எழுத்துகள் சிதையாமல் தெரிகின்றனவா? 1999-ஆம் ஆண்டுச் சென்னை மாநாட்டை ஒட்டி வகுக்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு செய்ய முடிகின்றதா?
6. மாணவர்களின் பழைய கோப்புகள் திறக்கின்றனவா?

ஒலியைச் சோதிக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. மின்ட் 22-இல் ஒலியைக் கையாளும் உள்மென்பொருள் 'பல்ஸ்ஆடியோ' என்பதிலிருந்து 'பைப்வயர்' என்பதற்கு மாற்றப்பட்டது. நம் கணினிகளுள் ஒன்றில் முதலில் ஒலி வரவில்லை. அமைப்பில் சரியான ஒலிபெருக்கியைத் தேர்ந்த பின் வந்தது. மற்றொன்றில் வைஃபை கிடைக்கவே இல்லை. இக்குறையை மாற்றத்திற்குப் பின்னர் கண்டிருந்தால் இடர்ப்பட்டிருப்போம். முன்னரே கண்டதனால், அக்கணினியை மட்டும் 21-ஆம் பதிப்பிலேயே விட்டுவைத்து, அதற்குரிய ஆதரவுக் காலம் முடிவதற்குள் வழி காண்போம் என்று முடிவு செய்தோம். மாற வேண்டாம் என்று தெளிவதும் சோதனையின் பயனே.

நான்காம் படி : பதிப்பை உயர்த்துதல்

பள்ளி விடுமுறைக் காலத்தையே இதற்குத் தேர்ந்தோம். மாலையில் இடியும் மழையும் மின்தடையும் நேரக்கூடும் ஆதலின் காலையிலேயே தொடங்கினோம். முதற்கண் கணினியை 21.3 பதிப்புக்குக் கொணர்ந்து, நிலுவையில் இருந்த திருத்தங்களையெல்லாம் ஏற்றினோம். வெளியாரிடமிருந்து பெற்றுச் சேர்த்திருந்த மென்பொருள்களைக் குறித்து வைத்துக்கொண்டோம். மாற்றத்தின்போது அவை நீக்கப்படலாம். பின்னர் லினக்ஸ் மின்ட் குழுவினரே வழங்கும் 'மின்ட்அப்கிரேட்' கருவியை நிறுவி இயக்கினோம். அக்கருவி, டைம்ஷிஃப்ட் படி உள்ளதா எனப் பார்த்து, தேவையானவற்றைப் பதிவிறக்கி, ஒவ்வொன்றாக நிறுவிச் செல்லும். இடையில் அது கேட்கும் வினாக்களைப் படித்துப் பொருளுணர்ந்தே விடையளிக்க வேண்டும். வேலை நடக்கும்போது கணினியை அணைத்தல் கூடாது.

முதல் நாள் ஒரு கணினியை மட்டுமே உயர்த்தினோம். ஒரு வாரம் மாணவர்கள் அதில் பயின்று குறையொன்றும் இல்லையெனக் கூறிய பின்னரே மற்றவற்றைத் தொட்டோம்.

ஐந்தாம் படி : பின்வாங்கும் வழி

மாறிய பின் கணினி தொடங்க மறுத்தால் அஞ்ச வேண்டுவதில்லை. முன்பு சோதித்த விரலியிலிருந்து இயக்கி, அதிலுள்ள டைம்ஷிஃப்ட் கருவியால் பழைய நிலையை மீட்கலாம். ஆற்றில் இறங்குமுன் கரையேறும் துறையையும் பார்த்துக்கொள்வது அறிவுடைமையன்றோ?

மாணவர்களே! இம்முறை ஒரு கோப்பும் அழியவில்லை. பாட்டி, தாத்தாமாரின் குரல்களை இவ்வாண்டு மாணவர்கள் புதிதாகப் பதிவு செய்துள்ளனர். அவற்றின் ஒரு படி கணினி அறையிலும், ஒரு படி தலைமையாசிரியர் அலமாரியிலும், ஒரு படி பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரிடத்தும் உள்ளன. கருவியைத் திரும்ப வாங்கலாம். மென்பொருளை மீண்டும் நிறுவலாம். நம் முன்னோரின் சொல்லை மீண்டும் பெற முடியாது. பெற்றோர்களே! உங்கள் கைப்பேசியில் உள்ள குடும்பப் படங்களுக்கும் குரல்களுக்கும் இன்றே வேறொரு படி எடுத்து வைப்பீர்களாக.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. டைம்ஷிஃப்ட் எதனைக் காக்கும்? எதனைக் காவாது?
2. 26.04 என்னும் பதிப்பு எண் எந்த ஆண்டையும் மாதத்தையும் குறிக்கும்?
3. பதிவிறக்கிய கோப்பைச் சரிபார்த்தல் ஏன் இன்றியமையாதது? 2016-ஆம் ஆண்டு நிகழ்ச்சியைக் கொண்டு விளக்குக.
4. உங்கள் வீட்டில் மீண்டும் பெற முடியாத கோப்புகள் எவை? அவற்றுக்கு எத்தனை படிகள் உள்ளன? பெற்றோரைக் கேட்டு எழுதி வருக.