கணிப்பொறிப் பாதுகாப்பு: மேற்படிப்புக்கு எங்கே செல்வோம்?



திருப்பூர்ப் பனியன் தொழிலை நம்பி வாழும் குடும்பங்கள் நம் பகுதியில் பல. கம்பெனிக்கு வரும் ஆர்டர், துணியின் அளவு, பணம் செலுத்த வேண்டிய வங்கிக் கணக்கு எண் யாவும் இன்று கணிப்பொறி வழியாகவே போய் வருகின்றன. இடையில் ஒருவன் புகுந்து அந்தக் கணக்கு எண்ணை மட்டும் மாற்றிவிட்டால் போதும். பல மாத உழைப்பின் பலன் அயலான் கைக்குப் போய்விடும். செய்தி பிறருக்குத் தெரியக்கூடாது, எழுதியது மாறக்கூடாது, வேண்டிய நேரத்தில் கிடைக்காமல் போகக்கூடாது. இம்மூன்றையும் காக்கும் கலையே கணிப்பொறிப் பாதுகாப்பு.

2019-ஆம் ஆண்டு கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகப் பிரிவுக் கணிப்பொறி ஒன்றில் தீய நிரல் புகுந்ததை அணுமின் கழகமே ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் அமைப்பு தனியே பிரித்து வைக்கப்பட்டிருந்ததால் அதற்குத் தீங்கு நேரவில்லை. இத்தகைய காவலை அறிந்தவர்கள் நாட்டுக்கு எவ்வளவு தேவை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

பட்டப்படிப்புக்குப் பின் இத்துறையில் மேலே படிக்க விரும்புவோர் எக்கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது? "பெரிய பெயருள்ள கல்லூரி" என்பார் சிலர். "வீட்டுக்குப் பக்கத்தில்" என்பார் சிலர். நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி வேறு: இத்துறையில் நமக்குப் பிடித்த கிளை எது?

கணிதத்தில் ஆர்வமுள்ளோர்க்கு உரியது இரகசியக் குறியீட்டியல். கொல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் இதற்கெனவே ஓர் எம்.டெக். படிப்பு உள்ளது. சென்னை சிறுசேரியிலுள்ள கணிதவியல் கழகத்தின் எம்.எஸ்ஸி. கணிப்பொறியியலும் கணித அடித்தளத்துக்குச் சிறந்தது. இயந்திரத்தின் உள்ளமைப்பில் நாட்டமுள்ளோர் சென்னை ஐ.ஐ.டி.யை நோக்கலாம், சக்தி என்னும் நம் நாட்டுச் சில்லு 2018-இல் இயங்கியது அங்குதான். நிரல்களையும் வலையமைப்புகளையும் காக்க விரும்புவோருக்கு, நமக்கு அருகிலேயே கோவை எட்டிமடையில் அமிர்தா பல்கலைக்கழகத்தின் எம்.டெக். படிப்பு உள்ளது. கடல் கடந்து நோக்கினால், இலண்டன் அருகே ராயல் ஹாலோவே 1992-லேயே இப்பாடத்தைத் தொடங்கியது. 1886-இல் பெண்கள் கல்லூரியாகத் திறக்கப்பட்ட நிறுவனம் அது என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

இரண்டாவது கேள்வி: அங்கே நமக்குக் கற்பிக்கப்போகிறவர் யார்? கான்பூர் ஐ.ஐ.டி.யில் 2002-இல் மணீந்திர அகர்வால் என்னும் ஆசிரியரும், அவரிடம் பயின்ற நீரஜ் கயால், நிதின் சக்சேனா என்னும் இளைஞர் இருவரும், ஓர் எண் பகா எண்ணா என்பதை ஐயமின்றி விரைவில் கண்டறியும் முறையை உலகுக்கு அளித்தனர். இரகசியக் குறியீட்டின் உயிர்நாடி பகா எண்களே. அக்கணக்கை அந்த மாணவர்களுக்குக் காட்டியது கட்டடமன்று, ஆசிரியர். ஆதலால் துறை ஆசிரியர்கள் அண்மையில் வெளியிட்ட கட்டுரைகளின் தலைப்புகளையாவது படித்துப் பார்ப்போம். அங்கே படித்து முடித்த அக்காமார் இருவரிடமாவது பேசுவோம். "ஆய்வுக்கூடம் மாலையில் திறந்திருக்குமா? ஆசிரியர் நேரம் ஒதுக்குவாரா? இப்போது நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்போம்.

மூன்றாவது, செலவு. இங்கே பெற்றோர்க்கும் ஒரு சொல். கடன் வாங்கும் முன் உதவித்தொகையை விசாரியுங்கள். கேட் தேர்வில் தகுதி பெற்று, அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் எம்.டெக். சேர்வோருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. கேட் மதிப்பெண் மூன்றாண்டுகள் செல்லும். ஆகவே ஒருமுறை தவறினால் மகளின் படிப்பை நிறுத்திவிட வேண்டாம். ஓராண்டு காத்திருந்து மீண்டும் எழுதுவது, கட்டணத்துக்காக நிலத்தை அடகு வைப்பதைவிட மேல். விடுதியின் பாதுகாப்பையும் நேரில் சென்று பாருங்கள்; ஆனால் தொலைவு ஒன்றையே காரணம் காட்டி நல்ல இடத்தை மறுத்துவிடாதீர்கள்.

தோழியரே, ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது முதுமொழி. ஆழம் தெரிந்தபின் கரையிலேயே நிற்பதும் அறிவன்று. இன்று கணிதத்தை ஊன்றிப் படிப்போம்; ஒரு நிரலையாவது நம் கையால் எழுதிப் பழகுவோம். நாளை பிறர் உழைப்பைக் காக்கும் காவலர்களாக நம் பள்ளி மாணவியர் விளங்கட்டும்!