நிரம்பாத குழி

அன்புள்ள மாரண்டஹள்ளி வாசகருக்கு,

கழிப்பறைக்கு இருபதடி தோண்டி உறை இறக்கியதையும், பத்து வருஷமாகியும் குழி நிரம்பவே இல்லை என்பதையும் கொஞ்சம் பெருமையாகவே எழுதியிருக்கிறீர்கள். அடுத்த பத்தியிலேயே, போர் தண்ணீரில் ஒரு வாடை வருகிறது, பிள்ளைகளுக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு, என்ன செய்யலாம் என்று கேட்கிறீர்கள். இரண்டும் ஒரே சங்கதியாக இருக்கலாம் என்பது என் சந்தேகம்.

ஐந்து பேர் புழங்கும் குழி பத்து வருஷமாக நிரம்பவில்லையென்றால், உள்ளே போவது எங்கோ வெளியேறிக்கொண்டிருக்கிறது. உங்கள் மாவட்டம் பெரும்பாலும் கடினப் பாறை. நிலத்தடி நீர் ஓடுவது அதன் வெடிப்புகளில்தான். மேல்மண்ணில் மெதுவாக ஊறும் கழிவுநீரை மண் வடிகட்டிவிடும். வெடிப்பில் இறங்கினால் கிருமியோடு அப்படியே போகும்.

இப்படி அடி பூசாமல் உறை இறக்கிய குழியைத்தான் ஊரில் ‘செப்டிக் டேங்க்’ என்கிறார்கள். அசல் செப்டிக் டேங்குக்கு அடியும் சுவரும் கசியாமல் பூசியிருக்கும், நடுவே தடுப்புச் சுவர் இருக்கும், தெளிந்த நீர் உறிஞ்சுகுழிக்குப் போகும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை லாரி வைத்து அடிச்சேற்றை உறிஞ்சியாக வேண்டும்.

இடமிருந்தால் இரட்டைக்குழி போதும். மூன்றடி அகலம், நான்கடி ஆழம். ஒன்று நிரம்பியதும் மூடிவிட்டு அடுத்ததற்குத் திருப்பிவிடுவீர்கள். மூடிய குழியை ஒன்றரை, இரண்டு வருஷம் தொடாமல் விட்டால் மலம் எருவாகிவிடும். உங்களுடையதுபோல் பாறை வெடித்த நிலமென்றால் அடியைப் பூசி, சுற்றிலும் ஒன்றரை அடிக்கு மணல் நிரப்பச் சொல்லுங்கள். கிணறு, போரிலிருந்து குறைந்தது முப்பதடி தள்ளியிருக்கட்டும்.

இவ்வளவு எளிய முறையை விட்டு ஏன் இருபதடி தோண்டுகிறோம்? ஆழமாகத் தோண்டினால் யாரும் அள்ள வேண்டியதில்லை என்ற நினைப்புதான். அள்ளுவது ‘அவங்க’ வேலை என்று நமக்குள் ஊறிப்போன சாதிப் புத்தி அது. எந்த மேஸ்திரியாலும் அதைப் பூசி மறைக்க முடியாது. 2017 பிப்ரவரியில் தெலங்கானாவின் கங்கதேவிபள்ளி கிராமத்தில், அன்றைய மத்திய குடிநீர், துப்புரவுத் துறைச் செயலர் பரமேஸ்வரன் ஐயர் இப்படி மூடிக் கிடந்த இரட்டைக்குழி ஒன்றுக்குள் இறங்கித் தன் கையாலேயே எருவை அள்ளிக் காட்டினார். வாடையில்லாமல், காப்பித்தூள்போல உதிரியாக இருக்கும் எரு. அரசாங்க விளம்பரம்தான், இருக்கட்டும். ஒரு ஐ.ஏ.எஸ். அதிகாரி செய்தால் செய்தியாகிறது என்பதே நம் கூச்சத்தின் ஆழத்தைச் சொல்கிறது.

தண்ணீருக்கு வருவோம். காய்ச்சினால் கிருமி சாகும். ஆனால் உங்கள் பக்கத்துப் போர்களில் புளோரைடும் உண்டு. பல்லில் பழுப்புக் கறை படிந்தவர்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். காய்ச்சுவதால் அது போகாது; தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். இதற்காகவே ஜப்பான் கடனுதவியோடு கொண்டுவந்து, 2013இல் தொடங்கிவைத்தது ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். குடிக்கவும் உலை வைக்கவும் அந்தக் குழாய்த் தண்ணீரையே பிடித்து, காய்ச்சிக் கொடுங்கள். போர் தண்ணீர் துவைக்க, கழுவ மட்டும். பிள்ளைகள் கழிப்பறை போய்வந்ததும், சாப்பிடும் முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். கரைசலும் துத்தநாக மாத்திரையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

இனி உங்கள் பழைய குழி. அதை மூடுவதற்குள் ‘இறங்கிச் சுத்தம் பண்ணித் தரேன்’ என்று யாராவது வருவார்கள். கூலியும் குறைவாகக் கேட்பார்கள். விஷவாயு கண்ணுக்குத் தெரியாது. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பின்றி ஆளை இறக்குபவருக்கு முதல் முறையே இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், இல்லையேல் இரண்டுமே. 14420 என்ற எண்ணுக்குப் போன் செய்து லாரியை வரவழையுங்கள். எந்த மனிதரையும் உள்ளே இறக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்